பரீட்சைக்கு வந்த மஞ்சள்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்த மாத்திரத்தில் அது செக்கச் செவேலென்று மாறி ஆரத்தியாகிவிடுவதை அறியாத தமிழர் இலர். ஆனால் அந்த மாறுதலையே நம்பி, ஐரோப்பிய ரசாயன சாஸ்திரிகள் மஞ்சளில் தோய்த்த தாளைக் கொண்டு ஒரு திரவம் காரத்தன்மை உடையதா அன்றா என்று நெடுங்காலம் கண்டறிந்து வந்தார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. தன் மருத்துவ குணம் விசாரணைக்கு உட்படுவதற்கு வெகு முன்பே, பிற பொருள்களைப் பரீட்சிக்கும் கருவியாக மஞ்சள் ஆய்வுக்கூடத்துள் பிரவேசித்துவிட்டது.

அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்னும் வஸ்துவை வோகல், பெல்த்தியே என்ற இருவர் 1815-இல் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறு அமைப்பை மிலொபெட்ஸ்கா, கொஸ்தானெட்ஸ்கி, லாம்பே ஆகிய மூவர் தெளிவுபடுத்தியது 1910-இல். சாயமாகவே பெரிதும் கருதப்பட்ட அப்பொருள் வீக்கத்தைத் தணிக்குமா என்று கேட்பதற்கு, வீக்கத்தை அளக்கும் உபாயம் ஒன்று முதலில் வேண்டியிருந்தது. செந்நிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கராஜீனனை எலியின் பின்னங்காற் பாதத்தில் ஊசி வழியே செலுத்தி, மருந்து உண்ட எலியின் வீக்கத்தையும் உண்ணாததன் வீக்கத்தையும் ஒப்பிடும் முறையை வின்டர், ரிஸ்லி, நஸ் ஆகியோர் 1962-இல் பிரசுரித்தார்கள்.

லக்னோவில் நவாபுகளின் சத்தர் மன்ஸில் அரண்மனையில் 1951-இல் தொடங்கப்பெற்ற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீமலும் தவனும், இம்முறையையும் வேறு சில முறைகளையும் கைக்கொண்டு, 1973-இல் தம் முடிபை வெளியிட்டனர். அக்காலத்தில் மூட்டுவாதத்துக்கு வழங்கிய ஃபினைல்பூட்டஸோன் என்ற மருந்துக்குத் திடீர் வீக்கத்தில் ஏறக்குறைய நிகராகவும், நாட்பட்ட வீக்கத்தில் பாதி வலிமையே உடையதாகவும் குர்குமின் காணப்பட்டது. இரைப்பையில் புண் விளைக்கும் தோஷமோ அதனிடம் குறைவாக இருந்தது.

மூலிகைகளிடம் தேடப்பட்ட மற்றொரு குணமாகிய, பிராணவாயுவின் தீவிர விளைவுகளைத் தடுக்கும் சக்தியை அளப்பதோ இதனினும் சுலபமாயிற்று. 1958-இல் ப்ளாய்ஸ் விவரித்த முறைப்படி, டி.பி.பி.எச். என்ற ஊதாநிறக் கரைசலில் மூலிகைச் சாற்றைச் சேர்த்து, ஊதா மங்கி மஞ்சளாவதைக் கருவியால் கணித்தால் போதும். எலி வேண்டாம், செலவும் சொற்பம் என்பதால் சிறு கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் அது பரவி, நம் நாட்டு மூலிகைகள் ஒவ்வொன்றாக அக்கண்ணாடிக் குழாய்க்கு வந்து சேர்ந்தன. குர்குமினுக்கும் இத்தகைய சக்தி உண்டென்று 1976-லேயே ஓர் ஆய்வுரை கூறிற்று.

குழாயில் தேறியது உடலில் தேறுமா என்பதே பிறகு எழுந்த வினா. உண்ட குர்குமினில் இரத்தத்தை அடைவது அற்பமே என்று தெரிந்தது. மிளகிலுள்ள பைப்பரினைக் கூட்டிக் கொடுத்தால் அந்த அளவு மனிதரிடத்தில் 20 மடங்கு பெருகுகிறதென்று பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998-இல் கண்டனர். 2017-இலோ, அமெரிக்க ரசாயன அறிஞர் சிலர் அதுகாறும் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி நோக்கி, குர்குமின் எளிதில் சிதைவதும், தானே ஒளிர்வதும், கண்ட புரதத்தோடெல்லாம் வினைபுரிவதுமாகிய இயல்புகளால் பரீட்சைகளையே ஏமாற்ற வல்லதென்றும், நம்பத்தக்க மனிதப் பரீட்சை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்றும் அபிப்பிராயம் தெரிவித்தார்கள்.

இதைக் கேட்டு, சுளுக்குக்குப் பற்றுப் போட்ட நம் பாட்டிமார் தோற்றுவிட்டனர் என்று முடிவு கட்டுவது, 1973-இன் முடிபால் அவர்கள் வென்றுவிட்டனர் என்று குதூகலிப்பதைப் போன்றே அவசரமாகும். அவர்கள் கையாண்டது தனித்தெடுத்த குர்குமின் அன்று, முழுக்கிழங்கு. அதையும் உள்ளுக்குக் கொடாமல், சுண்ணாம்போடு குழைத்துச் சூடாக மேலே தடவினார்கள். அந்தப் பற்றின் குணம் அறிய வேண்டுமாயின் அதற்கென்றே ஒரு பரீட்சை வகுத்தல் வேண்டுமேயன்றி, எலிக்கு வாய்வழி ஊட்டிய குர்குமின் பெற்ற மதிப்பெண்ணை, வெற்றியாயினும் தோல்வியாயினும், அதன் கணக்கில் எழுதுதல் நியாயமாகாது.