நலன்புரிச் சீர்திருத்தம் (இலங்கை)

வறிய குடும்பங்களுக்கான அரச உதவியைச் சீரமைக்க இலங்கை அரசுகள் 1989 முதல் மேற்கொண்ட முயற்சிகள். ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும ஆகிய திட்டங்கள் இவற்றுள் முதன்மையானவை.

வரலாறு

அரிசிப் பங்கீடு போர்க்காலத்தில், 1942இல் தொடங்கியது. கூப்பனுடன் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போவது ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடின்றி எல்லா வீட்டுக்கும் பழக்கமானது. 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12இல் அதை எதிர்த்து ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பங்கீட்டில் கைவைத்தால் ஆட்சி ஆட்டம் காணும் என்ற அச்சம் கால் நூற்றாண்டு நீடித்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜயவர்த்தனாவே, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று வரையறுத்தார். 1979இல் அதன் இடத்தில் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் அப்படியே இருக்க, ஏறிய விலைவாசி அதைச் சில ஆண்டுகளிலேயே தின்றுவிட்டது.

ஜனசவிய

ஜனாதிபதி ஆர். பிரேமதாச 1989இல் தொடங்கிய இத்திட்டமே உண்மையான திருப்பம். குடும்பமொன்றுக்கு 24 மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா ஒதுக்கப்பட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. மீதி 1,042 ரூபா கட்டாயச் சேமிப்பு. இரண்டாண்டு முடிவில் சேமிப்பு 25,000 ரூபாவாகும். அதை முதலாக வைத்துக் குடும்பம் தையல், கோழி வளர்ப்பு, சிறு கடை என ஒரு தொழிலில் இறங்கும் என்பது கணக்கு. பிச்சையாக அன்றி முதலாக உதவியை எண்ணிய துணிச்சல் இதற்குப் பின் வந்த எதிலும் இல்லை. எனினும் நாடு முழுவதற்கும் ஒரே தடவையில் கொடுக்கத் திறைசேரியில் பணம் இல்லாததால், சுற்றுச் சுற்றாகவே நடைமுறைப்படுத்தப்பட்டது.

சமுர்த்தி

1994 ஆட்சி மாற்றத்தின் பின், 1995இல் சமுர்த்தி வந்தது. ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களும் சமுர்த்தி வங்கிகளும் கடனுக்கு வழி திறந்தன. ஆனால் பயனாளியைத் தெரிவு செய்வதில் கட்சிச் செல்வாக்கு புகுந்தது. மாதச் சம்பளக்காரராகக் கருதப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், நாட்டின் மிக வறியவர்களுள் அடங்கியும், பெரும்பாலும் வெளியே விடப்பட்டனர். இது பெரும் அநீதி.

இன்றைய நிலை

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023 ஜூலையில் நான்கு பிரிவுகளுடன் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு வறுமை நிலைக்கேற்ப வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்கிறது.