சென்னை கற்ற பாடமும் நம் பள்ளி வாசல் நாயும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூரில் நான் அப்போது பணியாற்றிய தமிழ்ப்பள்ளியின் மண்டபப் படிக்கட்டின் கீழே ஒரு தாய்நாய் நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. செம்மண் நிறம், இடது காது மடிந்திருக்கும். சிற்றுண்டிச் சாலையில் மீந்த சோற்றை உண்டு, யாருக்கும் தொல்லை தராமல் கிடந்தது. ஒருநாள் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி குட்டியைத் தூக்க முயன்றபோது அது பல்லைக் காட்டி உறுமியது. கடிக்கவில்லை. எனினும் அன்று மாலையே பெற்றோர் இருவர் வந்து முறையிட்டனர். நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மலாய்மொழியில் ஐந்தே வரிகள். எழுதிக் கையொப்பமிட்டேன்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. கம்பி வளையத்தைக் கழுத்தில் மாட்டித் தாயை இழுத்தபோது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் பக்கத்தில் நின்றிருந்தான். “டீச்சர், அத எங்க கொண்டு போறாங்க?” என்று கேட்டான். “வேற நல்ல இடத்துக்கு” என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். உரிமையாளர் வராத நாய்களைச் சில நாள்கள் வைத்திருந்து பின்னர் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அந்தத் தாயும் குட்டிகளும் நல்ல உடல்நலத்தோடு இருந்தன.

இதற்கு நாம் ‘கருணைக்கொலை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். மொழி கற்பிக்கும் எனக்கு இந்த இடத்தில் அச்சொல் உறுத்துகிறது. தீராத நோயில் துடிக்கும் உயிரை வலியின்றி விடுவிப்பதற்கு அச்சொல் பொருந்தும். உண்டு, உறங்கி, குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் உயிரை, இடமில்லை என்பதற்காகக் கொல்வதில் கருணை எங்கே இருக்கிறது? கொலை மட்டுமே இருக்கிறது.

அந்தக் குற்றவுணர்வுதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. வேறு வழியே இல்லையா, இதற்கு முன் யாரும் இக்கேள்வியைக் கேட்கவில்லையா என்று தேடியபோது, விடை நம் முன்னோர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே சென்னைப் பட்டணத்தில் கிடைத்தது.

தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை இந்திய நகரங்களில் முறைப்படுத்தியவர்கள் ஆங்கிலேயர்கள். அதற்கான எதிர்ப்பும் அப்போதே தோன்றியது. 1832-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பம்பாயில் கொல்லும் நாய் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், காவலர்கள் வீட்டு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. பார்சி மக்கள் வெகுண்டெழுந்தனர். அவர்கள் சமயத்தில் நாய்க்குத் தனி மதிப்பு உண்டு. மற்ற சமூகத்தாரும் சேர்ந்துகொள்ள, கடைகள் அடைக்கப்பட்டன. வெள்ளையர் படையினருக்கு ரொட்டியும் இறைச்சியும் போய்ச் சேரவில்லை. பம்பாயின் முதல் கலவரமாக இதனைப் பலர் குறிப்பிடுகின்றனர். (நாய்க்காக ஒரு நகரம் கடையடைத்ததா என்று மாணவர்கள் நம்ப மறுப்பார்கள், சொல்லிப் பாருங்கள்.)

சென்னைக்கு வருவோம். அங்கு மாநகராட்சியின் பிடித்துக் கொல்லும் திட்டம் 1860-ஆம் ஆண்டில் தொடங்கியது என்றும், தொடக்கக் காலத்தில் கொல்லப்பட்டவை சராசரியாக நாளொன்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றும், 1995-இல் அது நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்தது என்றும் ப்ளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர். 135-ஐ 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 49 ஆயிரத்தைத் தாண்டுகிறது. நகரமும் வளர்ந்ததே என்று கேட்கலாம். வளர்ந்தது உண்மைதான். 1871 மக்கள்தொகைக் கணக்கில் சென்னையில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். 1991-இல் 38 லட்சம் பேர். மனிதர்கள் சுமார் பத்து மடங்கு பெருகிய அதே காலத்தில், கொல்ல வேண்டியிருந்த நாய்களின் எண்ணிக்கை நூறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. கொன்றுகொண்டே இருந்தும் நாய்கள் குறையவில்லை.

கொல்லும் முறையும் கொடியது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். 1970-களின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட நாய்கள் அவ்வளவு மிகுந்திருந்தமையால், சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்து பார்க்கும் அளவுக்குப் போனது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ப்ளூ கிராஸ் 1959-ஆம் ஆண்டு ஒரு குடும்பத்தின் வீட்டில் பிறந்தது. வானூர்தி ஓட்டியான கேப்டன் வி. சுந்தரம், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான் தொடக்கம் என்பார்கள். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் வானூர்தி ஓட்டியவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவர். அவர்களின் மகன் சின்னி கிருஷ்ணா ஒரு பொறியியலாளர். 1964-ஆம் ஆண்டு ப்ளூ கிராஸ் மாநகராட்சியிடம் ஓர் எளிய வேண்டுகோளை வைத்தது: நாயைப் பிடியுங்கள், கருத்தடை செய்யுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இதற்கு ‘ஏபிசி’ என்று பெயர் வைத்தார்கள். ‘விலங்குக் கருத்தடுப்பு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அரிச்சுவடியைப் போல எளிது என்ற பொருளும் அதில் இருந்தது.

எளிதாகத்தான் இருந்தது. ஆனால் மாநகராட்சி ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1995-இல் தென்சென்னையில் சோதனை. 1996-இல் நகரம் முழுவதும். கொலைக்கூடம் நிறுத்தப்பட்டது. 1996-இல் நகரில் வெறிநோயால் இறந்தவர் 120 பேர் என்பதும், அடுத்த பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது என்பதும் அவ்வமைப்பினர் தரும் கணக்கு. மனிதர்களுக்கான தடுப்பு மருந்து மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆயினும், கொல்வதை நிறுத்தினால் நோய் பெருகும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்த்துப் போனது. 2001-இல் இந்திய அரசு இம்முறையை நாடு முழுவதற்குமான விதியாக்கியது.

கொல்வதால் ஏன் குறைவதில்லை? இது ஆசிரியர்களுக்குப் புரியும் கணக்கே. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அங்குள்ள குப்பையும் மீந்த சோறும் முடிவு செய்கின்றன. இருப்பவற்றை அகற்றினால் அந்த உணவு காலியாகக் கிடக்கும். பக்கத்துப் பகுதி நாய்கள் வந்து சேரும். பிழைக்கும் குட்டிகளும் மிகும். பெண்நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள்தான். அதோடு, பிடிக்க வருபவர்களின் கையில் முதலில் அகப்படுவது மனிதரை நம்பி அருகில் வரும் சாதுவான நாய். அச்சமும் முரட்டுத்தனமும் உள்ளது தப்பி ஓடிவிடுகிறது. தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடப்பட்ட நாயோ, புதியவை நுழையாதபடி காக்கிறது, நோயும் பரவாது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது இன்றைய அறிவியல். நாய்களை அகற்றுவதால் அவற்றின் தொகையோ நோய்ப் பரவலோ குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992-லேயே எழுதிவிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பெருமைப்படத்தக்க ஓர் ஏடு உண்டு. 1952-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது, அன்றைய மலாயா அரசு நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசித் திட்டத்தை நடத்தியது. கோழிமுட்டைக் கருவில் வளர்க்கப்பட்ட புதிய தடுப்பூசி அது. உலகில் அதனைப் பெரிய அளவில் பயன்படுத்திய முதல் நாடுகளுள் மலாயாவும் ஒன்று. ஒன்றிரண்டு ஆண்டுகளில் நோய் அடங்கியது. உரிமையாளரற்ற நாய்களை அப்போதும் கொன்றார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பின் பல்லாண்டு காலம் நாட்டைக் காத்தது, 1955 முதல் தாய்லாந்து எல்லையோரம் அமைக்கப்பட்ட தடுப்பூசி வளையமே.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது இந்த ஏட்டை நாம் புரட்டிப் பார்க்கவில்லை. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் சரவாக்கின் செரியான் பகுதியில் பிள்ளைகள் உயிரிழந்தனர். ஆகவே, பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளளவும் குறைத்துப் பேசவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதனை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும். நான் கேட்பதெல்லாம், அந்த அச்சத்தைத் தீர்ப்பது தடுப்பூசியா, துப்பாக்கியா என்பதே.

பழைய 1953 சட்டத்தில் பிராணி வதைக்கு நெடுங்காலம் 200 ரிங்கிட் அபராதமே இருந்தது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017-இல் நடப்புக்கு வந்தபோது, அதனை 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை உயர்த்தியது. எனினும் 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் ‘கோப்பி’ என்ற நாய் சுடப்பட்டு இறந்ததாகச் செய்தி வந்து நாடே கொதித்ததை நாம் பார்த்தோம்.

நம் ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் 2018-இல் பிடித்து, கருத்தடை செய்து, பொருத்தமானவற்றுக்கு வீடு தேடி, மற்றவற்றைத் திரும்ப விடும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1990-களில், ரேமண்ட் வீ என்ற சிங்கப்பூரர் கைவிடப்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஜொகூர் மண்ணில் ‘நோவாஸ் ஆர்க்’ என்ற காப்பகத்தை அமைத்தார். அங்கே அவை கூண்டில் அடைபடாமல் திரிந்தன. காப்பகங்கள் போற்றத்தக்கவை, ஆனால் எந்தக் காப்பகமும் நிரம்பிவிடும்.

சென்னைப் பாடம் இந்தியாவிலேயே இன்று கேள்விக்குள்ளாகியிருப்பதையும் சொல்லவேண்டும். 2025 ஆகஸ்டு 11 அன்று, டில்லி வட்டாரத் தெருநாய்கள் யாவற்றையும் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 22-ஆம் நாள், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் திரும்ப விடலாம் என்று அதனை மாற்றியது. நவம்பரில் பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அங்கே மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. பள்ளி என்ற சொல்லைப் படித்ததும் என் நினைவு மண்டபப் படிக்கட்டுக்குப் போய்விட்டது. பள்ளி வளாகத்தில் நாய் இருக்கக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. அப்படியானால் அது எங்கே போகும் என்பதற்கும் நாம்தாம் விடை சொல்லவேண்டும்.

இரண்டாண்டு கழித்து வேறொரு நாய் எங்கள் வாசலுக்கு வந்தது. கறுப்பு, ஒரு கால் சற்று நொண்டும். இம்முறை தலைமையாசிரியரிடம் இரண்டு வாரம் தவணை கேட்டேன். ஆசிரியர்கள் சிலர் காசு சேர்த்தோம். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டப்பட்டு வந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்லி வைத்தோம். முதலில் கொண்டு சென்ற குடும்பம், வாடகை வீட்டு உரிமையாளர் ஒப்பவில்லை என்று பத்தாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தது. தவறு எங்களுடையது, வீட்டைப் பார்க்காமல் கொடுத்துவிட்டோம். அடுத்த முறை நானும் சக ஆசிரியை ஒருவரும் நேரில் சென்று வேலி, வாசற்கதவு, வீட்டு முதியவரின் சம்மதம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே கொடுத்தோம். நாய் வளர்ப்பு உரிமமும் அவர்கள் பெயரில் எடுக்கப்பட்டது. பிறந்தநாள் பரிசாகக் கேட்ட ஒருவருக்கு மட்டும் மறுத்துவிட்டேன். அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம் உண்டு.

அது இப்போது கூலாய்ப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்குப் போனபோது வெடிச்சத்தத்துக்கு அஞ்சி மேசைக்கு அடியில் படுத்திருந்தது. என்னைக் கண்டு வாலை மட்டும் ஆட்டியது. அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். முந்தைய நாய்க்கு என்ன ஆயிற்று என்பதை அண்மையில் அவனிடம் உள்ளபடி சொன்னேன். “அப்பவே தெரியும் டீச்சர்” என்றான்.