தங்கவயலும் குருதியணுக்களும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொன்னின் எடையையே கணக்கிடுவர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதுமே அவர்தம் அதிகாரங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று அங்கே குடியேறிய நம்மவரின் குருதியோடு தொடர்புடைய வரலாறும் ஒன்று உண்டு. அதனையே இங்குக் காண்போம்.

குருதியில் மிதக்கும் அணுக்கள் மூவகைப்படும். செவ்வணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம். பிராண வாயுவைச் சுமந்து உழைத்து, 120 நாட்களில் மடிகின்றன. தட்டணுக்கள் காயத்தை அடைத்து இரத்தப் பெருக்கை நிறுத்துவன. வெள்ளணுக்களோ அதே அளவில் 4,000 முதல் 11,000 வரையே. எனினும் அவற்றுள் ஐந்து இனங்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவற்பணி உண்டு.

கோலாரில் பணிபுரிந்த ஆங்கிலேயருள் பலர் கார்ன்வால் சுரங்கப் பகுதியினர். அங்குள்ள டால்கோத் சுரங்கத்தில் தொழிலாளர் வெளிறிச் சோர்வதைக் கண்ட ஹால்டேன் என்னும் அறிஞர், அது கொக்கிப்புழுவால் விளைந்த சோகை என்று 1902-இல் உணர்ந்தார். பாய்காட் என்பாருடன் கூடி அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டே காணப்படும் இயோசினோஃபில் என்ற வெள்ளணு மிகப் பெருகியிருந்தது. வெப்ப நாட்டுச் சுரங்கங்களிலிருந்து திரும்பியவர் வழியே புழு வந்திருக்கலாம் என்று கருதினர். சுரங்கத்தினுள் முறையான கழிப்பிடம் இல்லை என்பதை ஒரு துளி இரத்தம் சாட்சி சொல்லிற்று.

அத்துளியை எடுத்தவர்க்கும் ஆபத்து இருந்தது. அணுக்களை எண்ணுவதற்காக இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இன்று அது விலக்கப்பட்டுவிட்டது. எவருடைய இரத்தமாயினும் நோய்க்கிருமி உடையதாகவே கொண்டு, கையுறை அணிந்து, ஊசியை மீண்டும் மூடாமல் தடித்த கலத்தில் இடுவதே ஆய்வுக்கூட விதி.

சுரங்கத்துக்குள் அத்தகைய விதி வர நாளாயிற்று. தங்கம் படிக்கக்கல்லில் பொதிந்திருப்பது. காற்றழுத்தத்தால் இயங்கும் துளைப்பொறியை உலர்ந்த பாறையில் செலுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் தூசி எழும். அதனை எதிர்கொள்ள, மோனோசைட் என்ற வெள்ளணு குருதியை விட்டு நுரையீரலுள் புகுந்து, உருப்பெருத்து, மேக்ரோபேஜ் ஆகின்றது. 'பெருந்தீனி தின்பது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் 'பெருவிழுங்கி' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, மூலத்தினும் தமிழே பொருத்தமாகப் படுகின்றது. கிருமியை விழுங்கினால் அது செரித்துவிடும். சிலிக்காவைச் செரிக்க இயலாது. துகள் அணுவை உள்ளிருந்து சிதைக்கின்றது. அணு மடிய, வெளிப்பட்ட துகளை அடுத்த அணு விழுங்கி மடிகின்றது. இந்த ஓயாத சாவினால் நுரையீரலில் தழும்பு ஏறி, மூச்சு குறுகுகின்றது. காசநோய்க் கிருமியோடு பொருதுவதும் இதே அணுவாதலால், அந்நோயும் எளிதில் பற்றுகின்றது.

சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1947-இல் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே அறிவிக்கப்பட்டது. பரிகாரம் விந்தையானதன்று: துளைக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்குவதும் நல்ல காற்றை உட்செலுத்துவதுமே. காவல் புரிய வந்த அணுவே இரையாகும்போது, மருந்தைக் காட்டிலும் தண்ணீரே பெரிது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஆயினும் தூசியை விட்டு விலகிய பின்னரும் இந்நோய் வளரக்கூடும்; பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். அன்று முப்பது வயதினராயிருந்த தொழிலாளி பின்னர்ப் பெங்களூரிலோ வேறு நகரிலோ காவலாளியாகப் பணியாற்றியிருக்கலாம். இருமலுக்காக மருத்துவரிடம் சென்றால், அவர் இரத்தச் சோதனை எழுதித் தருவார். அச்சோதனை இந்நோயைக் காட்டாது. மடிந்த அணுக்கள் குருதியில் இல்லை, நுரையீரலில் இருக்கின்றன. எக்ஸ்ரே படமும், "சுரங்கத்தில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்தேன்" என்று நோயாளி தாமே கூறும் சொல்லுமே மருத்துவருக்கு வழிகாட்டும்.