கொல்லைப்புறத்தில் ஒரு ஆண்ட்ரோமீடா

(இயற்பியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர்)



மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர் போன் செய்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் துறையின் மொட்டை மாடிதான். ஒரு நவம்பர் இரவு. சார் சின்ன டெலஸ்கோப்பை வடக்கே திருப்பி, "வந்து பாருங்கடா, ஆண்ட்ரோமீடா" என்றார். வரிசையில் நின்று பார்த்தோம். கண்ணாடியில் விரல் பட்ட மாதிரி ஒரு மங்கல். "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டுவிட்டேன். "கண்ணுக்கு இவ்வளவுதான்டா" என்றார் அவர். அந்தப் பதிலின் முழு அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷமாயிற்று.

நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. வந்ததை அந்தக் கணமே செலவழித்துவிடும். மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தாலும் மங்கல் மங்கலாகத்தான் இருக்கும். 964ஆம் ஆண்டிலேயே பாரசீக வானியலாளர் அல்-சூஃபி இதை ஒரு சிறு மேகம் என்று எழுதி வைத்தார். 1847ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் பெரிய டெலஸ்கோப் வைத்துப் பார்த்த பாண்ட் என்பவருக்கு அதில் இரண்டு கருங்கோடுகள் தெரிந்தன. அதற்கு மேல் கண்ணால் போக முடியவில்லை.

புகைப்படப் பிளேட் அப்படியல்ல. அது சேமிப்புக் கணக்கு மாதிரி. விழுகிற ஒளியெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் பழைய ஈரப் பிளேட் சில நிமிஷங்களில் காய்ந்து வீணாகிவிடும். 1871ல் ரிச்சர்டு மாடக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டுக்கு வழி காட்டினார். பிறகுதான் மணிக்கணக்கில் படம் எடுப்பது சாத்தியமாயிற்று. 1880ல் நியூயார்க் டாக்டர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார். 1883ல் ஆண்ட்ரூ காமன் என்ற இன்ஜினியர் லண்டன் பக்கம் ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே அதைவிட நல்ல படம் எடுத்தார். இவர்களில் யாருக்கும் வானியல் சம்பளம் தந்த தொழில் இல்லை.

நம் கதாநாயகர் ஐசக் ராபர்ட்ஸும் அப்படித்தான். 1829ல் வேல்ஸில் பிறந்து, லிவர்பூலில் கட்டடத் தொழில் செய்தவர். 1878ல்தான், அதாவது 49 வயதில், 7 அங்குல டெலஸ்கோப் ஒன்றை வாங்கினார். (ஐம்பதைத் தாண்டிய நண்பர்கள் இந்த வரியை மறுபடி படிக்கவும்!) பிறகு லிவர்பூல் அருகே மாகல் என்ற ஊரில் இருந்த வீட்டில் 20 அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப் ஒன்றை நிறுவினார். அதே தாங்கியில் பழைய 7 அங்குலத்தையும் பொருத்தினார். ஏன்? பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. கடிகாரப் பொறி டெலஸ்கோப்பை வானத்தோடு நகர்த்தினாலும் கொஞ்சம் பிசகும். சின்னதில் ஒரு நட்சத்திரத்தைக் குறியில் வைத்துக்கொண்டு பிசகைத் திருத்தினால், பெரியதில் படம் ஆடாது.

1888 டிசம்பர் 29. குளிர்கால இரவில் எடுத்த அந்தப் பிளேட்டில் ஆண்ட்ரோமீடா சுருள் சுருளாக விரிந்தது. பாண்ட் கண்ட கருங்கோடுகள் தனிக் கோடுகள் அல்ல, வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் என்பது தெரிந்தது. 1895ல் ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது.

ஆனால் அதில் தாம் கண்டது என்ன என்று ராபர்ட்ஸ் சொன்னது தப்பு. புதிதாக ஒரு சூரியக் குடும்பம் உருவாகிறது என்று அவர் நினைத்தார். 1904ல் அவர் காலமானபோதும் உண்மை தெரியாது. 1923ல் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹபிள், 100 அங்குல டெலஸ்கோப்பால் அதற்குள் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தூரத்தைக் கணக்கிட்டார். அப்புறம்தான் அது நம் பால்வீதியைப் போன்ற தனிக் கேலக்ஸி என்பது உறுதியானது. இன்றைய கணக்குப்படி தூரம் சுமார் 25 லட்சம் ஒளி ஆண்டு. மாகல் தோட்டத்தில் கேலக்ஸியைப் படம் எடுத்தவருக்கே அது கேலக்ஸி என்று தெரியாது!

விளக்கம் தப்பாகப் போயிற்று, பிளேட் தப்பாகவில்லை. நம் லேப் ரெக்கார்டில் 'எதிர்பார்த்த விடை' வருமாறு ரீடிங்கைத் திருத்தியவர்கள் (நானும்தான்) இதை யோசிக்க வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. 1969ல் பெல் ஆய்வகத்தில் சிசிடி என்ற மின்னணு ஒளியுணரி பிறந்தது. பிளேட்டும் ஃபிலிமும் போய், பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கும் முறை வந்தது. 2022ல் பிரான்சு, ஜெர்மனியைச் சேர்ந்த சைன்டி, ஸ்ட்ரோட்னர், டிரெக்ஸ்லர் என்ற அமெச்சூர்கள் வெறும் 10.6 செ.மீ. டெலஸ்கோப்பை ஆண்ட்ரோமீடா பக்கம் திருப்பி, நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்தார்கள். உலகமே படம் எடுத்த அந்த இடத்தில், ஆக்சிஜன் ஒளியால் ஆன பெரிய வில் ஒன்று புதிதாகத் தெரிந்தது. அது ஆண்ட்ரோமீடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதியிலேயே குறுக்கே நிற்கிறதா என்று நிபுணர்கள் விவாதம் செய்தார்கள். மறுபடியும் படம் முதலில், அர்த்தம் பிறகு.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நம் ஊரில் ஆண்ட்ரோமீடா வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். விளக்கு வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து, சுழலும் தாங்கியில் சாதாரண கேமராவை வைத்து, சின்னச் சின்னப் படங்களாக நிறைய எடுத்து அடுக்குங்கள். சுருள் மெல்ல வெளியே வரும்.

போன வருஷம் நானும் அப்படி ஒரு படம் எடுத்தேன். அழகாக ஒன்றும் இல்லை, ஓரத்தில் ஆடியிருக்கிறது. ஆனாலும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். சார் இன்று இல்லை. இருந்திருந்தால் கொண்டுபோய்க் காட்டி, "இவ்வளவு இருக்கு சார்" என்று சொல்லியிருப்பேன்.