எல் எத்தெர்னவுத்தா

எல் எத்தெர்னவுத்தா என்பது ஆர்கெந்தீனாவில் வெளிவந்த அறிபுனை வரைகதைத் தொடர் ஆகும். இந்த எசுப்பானியப் பெயர் 'முடிவில்லாக் காலத்தில் பயணிப்பவன்' எனப் பொருள்படும். எக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோப்பஸ் வரைந்த இத்தொடர் 'ஓரா செரோ' வார இதழில் 1957 செப்டம்பர் 4 முதல் 1959 வரை வெளிவந்தது. ஓஸ்டர்ஹெல்ட் பிற்காலத்தில் இருமுறை இக்கதைக்குத் திரும்பினார். இரண்டாம் முறை எழுதிய பாகம் வெளிவந்துகொண்டிருந்தபோதே அவர் கடத்தப்பட்டுக் காணாமற்போனார்.

கதை

புவெனஸ் ஐரிஸ் நகரை அடுத்த ஒரு வீட்டில் நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கும் இரவில், பட்டாலே உயிரைப் பறிக்கும் ஒளிரும் பனி பெய்கிறது. வீட்டுக்காரரான ஹுவான் சால்வோ, உடல் முழுதும் மூடும் உடையை வீட்டிலேயே தைத்து அணிந்து வெளியே செல்கிறார். படையெடுத்து வந்த வேற்றுலகினரை எதிர்த்து எஞ்சிய மக்கள் போரிடுகின்றனர். 'மானோஸ்' எனப்படும் பலவிரல் உயிரினங்கள் கொடியவர்கள் அல்லர். அச்சம் கொண்டாலே நஞ்சு சுரக்கும் சுரப்பி உடலில் பொருத்தப்பட்டதால் பணிந்து நடப்பவர்கள். உண்மையான எதிரியான 'அவர்கள்' கதையில் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. அந்நாளைய படையெடுப்புக் கதைகள் பலவற்றிலிருந்து இதனை வேறுபடுத்துவது இதுவே. தனி வீரன் அன்றி, மனிதக் குழுவே உண்மையான நாயகன் என்பது ஆசிரியரின் கருத்து.

1969 ஆம் ஆண்டு மறுஆக்கம்

'ஹெந்தே' இதழுக்காக ஓஸ்டர்ஹெல்ட் அதே கதையை மீண்டும் எழுதினார். வரைந்தவர் அல்பெர்ட்டோ பிரெச்சியா. இம்முறை வல்லரசுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தென் அமெரிக்காவைப் படையெடுப்பாளர்களிடம் விட்டுக்கொடுக்கின்றன. கதையின் அரசியலும் பிரெச்சியாவின் இருண்ட, சோதனை முயற்சியான ஓவியங்களும் இதழுக்கு ஒவ்வவில்லை. தொடர் அவசரமாகச் சுருக்கி முடிக்கப்பட்டது. இதழ் வாசகர்களிடம் வருத்தமும் தெரிவித்தது. இன்று அதே ஓவியங்கள் பெரிதும் மதிக்கப்படுகின்றன.

இரண்டாம் பாகம்

1976 இல் 'ஸ்கோர்பியோ' இதழில் சொலானோ லோப்பஸின் ஓவியங்களுடன் தொடர்ச்சி தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது. மொந்தொனேரோஸ் என்ற ஆயுதக் குழுவில் இணைந்திருந்த ஓஸ்டர்ஹெல்ட், தலைமறைவாக இருந்தே கதையை எழுதினார். முதற்பாகத்தில் கதையைக் கேட்பவராக மட்டும் வந்த எழுத்தாளர், இதில் ஹெர்மன் என்ற பெயருடன் களத்தில் நிற்கிறார். சால்வோவோ வெற்றிக்காகத் தம்மவரையும் பலிகொடுக்கத் தயங்காதவராக மாறிவிடுகிறார். முதற்பாகத்தின் மனித நேயத்தை இதில் காண்பது அரிது. இம்மாற்றத்தில் ஓவியருக்கும் உடன்பாடில்லை.

1977 ஏப்ரல் 27 அன்று ஓஸ்டர்ஹெல்ட் லா பிளாட்டா நகரில் கடத்தப்பட்டார். 1977 இறுதியில் இரகசியத் தடுப்பு முகாமில் அவரை உயிருடன் கண்டதாக, உயிர்தப்பிய கைதி ஒருவர் பின்னர் சாட்சியம் அளித்தார். எஸ்தேலா, தியானா, பெயாத்ரிஸ், மரினா ஆகிய அவருடைய நான்கு மகள்களும் 1976-77 காலப்பகுதியில் அதே அடக்குமுறைக்குப் பலியாயினர். அவர்களுள் இருவர் அப்போது கருவுற்றிருந்தனர். தாயார் எல்சா சாஞ்செஸால் அடக்கம் செய்ய முடிந்தது பெயாத்ரிஸின் உடலை மட்டுமே.

பிந்தைய ஆக்கங்கள்

ஓஸ்டர்ஹெல்ட் இல்லாமலும் தொடர் நீண்டது. சொலானோ லோப்பஸ் 2011 இல் இறப்பதற்கு முன் புதிய பாகங்களை வரைந்தார். முதற்பாகத்தின் ஆங்கிலப் பெயர்ப்பு 2015 இல் வெளிவந்தது. ரிக்கார்தோ தரீன் நடித்த தொலைக்காட்சித் தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2025 ஏப்ரலில் வெளியிட்டது. முதல் இதழ் வெளியான செப்டம்பர் 4, ஆர்கெந்தீனாவில் வரைகதை நாளாகக் கொண்டாடப்படுகிறது.