அடித்தளம் ஆடினால் சூரியனும் ஆடும்

நம் கல்லூரியில் படித்தவர்களில் பலருக்கு வீட்டிலேயே ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்து ஓட்டிப் பார்க்கும் ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும். கொதிகலன், சிலிண்டர், பிஸ்டன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். அடித்தளத்துக்கு மட்டும் ஏதோ ஒரு பலகை! பிஸ்டன் முன்னும் பின்னும் இழுக்கும்போது பலகை வளையும், தண்டின் நேர் பிசகும், பேரிங் சூடேறும். கனமான, வளையாத அடித்தளம் இருந்தால்தான் எஞ்சின் சீராக ஓடும்.

எஞ்சின் தன்னைத் தானே ஆட்டிக்கொள்ளும். தொலைநோக்கியையோ சுற்றியுள்ள உலகம் ஆட்டும். ஆகவே அதன் தூணைக் கட்டடத் தரையோடு சேர்க்காமல் தனியே எழுப்புவது வழக்கம். 1792இல் சென்னை வானாய்வகத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடிக் கருங்கல் தூணின் எடை 10 டன். இன்றும் நுங்கம்பாக்கத்தில் அதைப் பார்க்கலாம்.

அந்த வானாய்வகத்தின் பணிதான் 1899இல் பழனி மலைக்கு ஏறியது. மிக்கி ஸ்மித் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் பொழுதுபோக்காகவே சொந்த ஆய்வுக்கூடம் வைத்துச் சூரியனைப் பார்த்தவர்; கருவிகளைத் தாமே செய்யும் கைகாரர். 1909 ஜனவரி 5 அன்று, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒளியின் அலைநீளத்தில் அது காட்டும் மாற்றம் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான். கருவி லேசாக அசைந்தாலும் அது மங்கிப் போகும்.

1960 வாக்கில் அங்கு அமைந்த சுரங்கத் தொலைநோக்கியைப் பாருங்கள். 11 மீட்டர் கோபுரத்தின் மேலிருக்கும் 60 செ.மீ. கண்ணாடிகள் வெயிலை வாங்கி, 60 மீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. லென்ஸின் குவியத் தூரம் 36 மீட்டர். சூரியனின் பிம்பம் சுமார் 34 செ.மீ. அகலம். அந்தக் கண்ணாடி ஒன்றின் ஒரு விளிம்பு 0.003 மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். பிம்பம் சுமார் 0.35 மில்லிமீட்டர் நகரும். சூரியனில் அது ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர்! கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

இன்று வகுப்பில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினோ தொலைநோக்கியோ, எதைச் செய்தாலும் முதல் வரைபடம் அடித்தளத்துக்கு இருக்கட்டும். மேலே உள்ளதைப் பிறகு கழற்றி மாற்றலாம். அடியில் உள்ளதை மாற்ற எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.