ஒரு வேர், இரு சொல்: போர்ச்சுகீசிய இணைச்சொற்கள்

பொருளால் நெருங்கி நிற்கும் போர்ச்சுகீசியச் சொற்கள் சில, ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து இருவேறு காலங்களில் தோன்றியவை. மக்கள் வழக்கில் சொன்முதல் 'ப்ள', 'க்ள' ஆகியன பெரும்பாலும் சகரமாகத் திரிந்தன; அச்சகரம் பின்னர் லிஸ்பன் வழக்கில் 'ஷ' ஆயிற்று. கற்றோர் அதே சொல்லை இலத்தீனிலிருந்து மீண்டும் கடன் பெற்றபோது பழைய மெய்கள் திரியாது நின்றன. 'நிறைந்த' எனப் பொருள்படும் 'பிளேனுஸ்', 'ஷெயு' எனவும் 'பிளெனு' எனவும் இரண்டானது இவ்வாறே.

தமிழ்ச் 'சாவி'யும் மக்கள் வடிவின் வழிவந்ததே. 'கிளாவிஸ்' என்பதன் திரிபாகிய 'ஷாவெ' திறவுகோலைக் குறிக்க, கற்றோர் வடிவாகிய 'கிளாவெ' இசையெழுத்தில் சுரநிலை காட்டும் குறியைச் சுட்டுகிறது. இங்குப் பொருள்கள் முற்றிலும் பிரிந்துவிட்டமையின் மயக்கமில்லை.

மயக்கம் தருவன முன்னைய இணை போல்வன. நீர் நிறைந்த குவளைக்கும் முழுநிலவுக்கும் 'ஷெயு' உரியது. முழு அதிகாரத்திற்கு 'பிளெனு' வரும். பகலைக் குறிக்கும் சொல்லோடு 'பிளெனு' வருமிடத்து, 'நிறைந்த பகல்' என்பது பிழை. 'பட்டப்பகல்' என்பதே பொருந்தும்.

மக்கள் வடிவு கண்ணாற் காணும் பொருளையும், கற்றோர் வடிவு கருத்துப்பொருளையும் சார்வது பெரும்பான்மை. ஆகவே அகராதி இரண்டிற்கும் ஒரே பொருள் தருமிடத்து, சொல்லின் வரலாறே மொழிபெயர்ப்பாளருக்குத் துணையாகும்.